கையைச் சுட்ட கம்பி

பழைய காருக்கு வேறு இஞ்சின் மாட்டுகிறவர்கள் கவனத்திற்கு ஒரு சொந்த அனுபவம்

நடுநிசி நேரம். பட்டினச்சேரியில் கடல் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லை. சித்தப்பா வீட்டுக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"மாமா! மாமா! வண்டியை எடுங்க மாமா! அவளுக்கு வலி கண்டிடுச்சு!"

அடுத்த தெருப் பிள்ளை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மனைவிக்குத் தலைப்பிரசவம். மருத்துவச்சி பார்த்துவிட்டு, "இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், உடனே காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். காரின் விளக்கைப் போட்டார். தெருக்கோடி வரையில் பளிச்சென்று வெளிச்சம். ஹாரனை அழுத்தினார். ஊரே விழித்துக்கொள்ளும்படி கத்தியது. சாவியைத் திருகினார். இஞ்சின் 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான்! மறுபடி திருகினார். மறுபடியும் அதே முனகல்.

பின் ஸீட்டில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு துடிக்கிறாள். இஞ்சினோ, மாட்டி இரண்டு மாதமே ஆன இஞ்சின்!

இது நடந்தது 1986-ம் ஆண்டில். அன்று நான் சிறு பையன். அந்த இரவில் கார் ஏன் கிளம்பவில்லை என்பதற்கான விடை ஒரு சாண் நீளமுள்ள செம்புப் பட்டையில் இருந்தது. அந்த விடையைக் கண்டுபிடித்தவர் கார் மெக்கானிக் அல்ல என்பதுதான் வேடிக்கை!

ஏன் மாற்றினார்?

சித்தப்பா எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே மனிதர். அவருடைய கடல், கட்டுமரம், வலை எல்லாமே ஒரு அம்பாசிடர் கார்தான். 1971-ம் வருஷத்து மார்க் 2 வண்டி. சனிக்கிழமையானால் திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்குச் சவாரி. மற்ற நாட்களில் நாகூர், வேளாங்கண்ணி. ராத்திரி வேளையில் ஆஸ்பத்திரிச் சவாரி. அதற்கு அவர் கணக்காகக் காசு வாங்கியது கிடையாது.

அம்பாசிடரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, வங்காளத்திலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950-களின் பிற்பகுதியிலிருந்து தயாரித்து வந்த வண்டி அது. 2014-ம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோகும் வரையில், ஏறக்குறைய அதே உருவத்தோடு வலம் வந்தது. கல்லுரல் போன்ற உறுதி. ஆனால் பெட்ரோலை மட்டும் தண்ணீராகக் குடிக்கும்!

1980-ம் ஆண்டில் அதே கம்பெனி டீசல் அம்பாசிடரை வெளியிட்டது. அதன் இஞ்சின் 1489 ஸி.ஸி. பெட்ரோல் இஞ்சினும் அதே 1489 ஸி.ஸி.தான். இரண்டும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஆகவே, பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் டீசல் இஞ்சினை உட்கார வைப்பது பெரிய வித்தையாக இருக்கவில்லை. அந்நாளில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாடகைக் காரை நம்பிப் பிழைக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? தமிழ்நாட்டிலும் பாண்டிச்சேரி, காரைக்கால் பகுதிகளிலும் எத்தனையோ பெட்ரோல் அம்பாசிடர்கள் டீசலுக்கு மாறின.

சித்தப்பாவும் மாறினார். விபத்தில் நொறுங்கிப்போன ஒரு டீசல் அம்பாசிடரின் இஞ்சின் விலைக்கு வந்தது. சித்தியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. இஞ்சின் வந்தது!

ஒரு நாளில் உட்கார்ந்த இஞ்சின்

பட்டறையில் காலையில் செயின் பிளாக்கைக் கட்டிப் பழைய இஞ்சினைத் தூக்கினார்கள். மாலையில் டீசல் இஞ்சின் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வேலை முடிஞ்சுது!" என்றார்.

உண்மையில் அப்போதுதான் வேலை ஆரம்பம்! இதை நேயர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இஞ்சின் என்பது தனியாக ஒன்றும் செய்யாது. கல்யாணத்தில் மாப்பிள்ளை மட்டும் வந்து மணையில் உட்கார்ந்தால் போதுமா? புரோகிதர், மேளக்காரர், சமையற்காரர், தீவட்டி பிடிக்கிறவர் எல்லோரும் வேண்டாமா? அது போலத்தான். சுழற்றிவிட செல்ஃப் மோட்டார், மின்சாரம் தர டைனமோ, தண்ணீரைச் சுற்றிவிட பம்ப், காற்றை இழுக்க ஃபேன், இவற்றையெல்லாம் இழுக்கப் பெல்ட், எண்ணெய் கொண்டுவரக் குழாய், சூடு காட்ட மீட்டர், நிறுத்த ஒரு கம்பி என்று ஒரு பட்டாளமே அதைச் சுற்றி நிற்க வேண்டும்.

பெட்ரோல் இஞ்சினுக்கு இருந்த பட்டாளம் டீசலுக்கு அப்படியே பொருந்தாது. தீப்பொறி தரும் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் ஆகிய மூன்றுக்கும் இங்கே வேலை இல்லை. அவற்றுக்குப் பதிலாக எஃப்.ஐ. பம்ப், நாஸில், ஹீட்டர் பிளக் ஆகியவை வந்து சேரும். பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்தினால் இஞ்சின் நின்றுவிடும். டீசலில் தீப்பொறியே கிடையாது. எண்ணெயைத்தான் நிறுத்த வேண்டும். அதற்கு டேஷ்போர்டிலிருந்து பம்புக்கு ஒரு கம்பி போகும். இழுத்தால் இஞ்சின் நிற்கும். சித்தப்பாவின் வண்டியில் பழைய 'சோக்' கம்பியையே அந்த வேலைக்கு வைத்துக் கொடுத்தார்கள். சிக்கனமான யோசனைதான்!

இந்தக் கம்பியை மறந்துவிடாதீர்கள். கதையில் மீண்டும் வரும்.

முனகல் தொடங்கியது

முதல் வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. இரண்டாவது வாரத்தில் காலை நேரத்தில் செல்ஃப் சற்றுத் தயங்கியது. "டீசல்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள் பட்டறையில்.

அதில் பாதி உண்மை உண்டு. பெட்ரோல் இஞ்சின் தன் சிலிண்டருக்குள் காற்றை ஏழு, எட்டு மடங்கு அமுக்கினால் போதும். இந்த டீசல் இருபது மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும். அமுக்கிய சூட்டில்தான் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகையால் அதைச் சுழற்ற இரட்டிப்புப் பலம் வேண்டும். பெரிய செல்ஃப் மோட்டார் வேண்டும். பெரிய பாட்டரி வேண்டும்.

சித்தப்பா கடன் வாங்கிப் பெரிய பாட்டரி போட்டார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு பழைய கதை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மெச்சூரைப் பார்த்தார்கள். புஷ், கார்பன் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அதற்கு ஒரு செலவு. மறுபடியும் முனகல்!

விளக்கு எரிகிறது, ஹாரன் கத்துகிறது, பாட்டரி நன்றாக இருக்கிறது. மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தால் பம்பரமாய்ச் சுற்றுகிறது. காரில் மாட்டினால் மட்டும் சுற்றுவதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லாததுதான் பாக்கி!

இந்த நிலையில்தான் அந்த நடுநிசிச் சவாரி வந்தது.

ஐந்தாறு முறை சாவியைத் திருகிய பிறகு, நிறுத்தும் கம்பி சரியாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க சித்தப்பா அதன் குமிழைத் தொட்டார். 'ஆ' என்று கையை உதறினார். கொள்ளிக்கட்டையைத் தொட்டது போலச் சுட்டுவிட்டது! அதைப் பற்றி யோசிக்க அப்போது யாருக்கு நேரம்?

"தள்ளுங்கடா!" என்றார்.

எட்டுப் பேர் தள்ளினார்கள். பெண்கள்கூடக் கை கொடுத்தார்கள். பட்டினச்சேரித் தெரு மணல் தெரு. கணுக்கால் வரை புதைகிறது. கார் அடி அடியாக நகர்ந்தது. தார் ரோட்டுக்கு வந்து வேகம் பிடித்ததும் சித்தப்பா இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல், புகை, பிறகு 'படபட'வென்று உயிர் வந்தது. தள்ளியவர்கள் மணலிலும் ரோட்டிலும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

சித்தப்பா திரும்பி வரும்போது பொழுது விடிந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். "இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால்..." என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்த வார்த்தையை சித்தப்பா அதற்குப் பிறகு பல வருஷங்கள் தாமாகவே சொல்லிக்கொண்டிருப்பார்.

வெல்டிங் பட்டறைக்காரர் சொன்ன விடை

மறுநாள் காலை. படகுகளுக்கு இரும்பு வேலை செய்து கொடுக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் வீட்டுப் பக்கம் வந்தார். சித்தப்பாவின் விரலில் கொப்புளத்தைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, விரலு?"

"இஞ்சினை நிறுத்துற கம்பிடா தம்பி. செல்ஃப் அடிச்சா சுடுது."

"கம்பி ஏன் அண்ணே சுடணும்? அதுல என்ன கரண்டா போகுது?"

கேட்டவர் ஒரு கணம் சும்மா இருந்தார். பிறகு காருக்கு அடியில் படுத்து உள்ளே பார்த்தார். எழுந்து வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"அண்ணே, நான் வெல்டிங் வைக்கணும்னா ராடு மட்டும் இருந்தா போதுமா? எர்த் கிளிப்பை இரும்புல கவ்வ விடணும்ல? போன கரண்டு திரும்பி வரணும்ல? உங்க இஞ்சினுக்கு எர்த் எங்கே?"

எர்த் இல்லை!

தம் பட்டறையிலிருந்து வெல்டிங் கேபிளில் ஒரு துண்டை எடுத்து வந்தார். ஒரு முனையை இஞ்சினில் பிடித்தார். மறு முனையைப் பாட்டரியின் எர்த் முனையில் பிடித்தார். "இப்ப அடிங்க" என்றார். சாவியைத் தொட்டதுதான் தாமதம், இஞ்சின் கிளம்பிவிட்டது! சித்தி வாசலில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழி

நடந்தது என்ன? கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் வேலையைச் செய்துவிட்டு மீண்டும் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். காரில் திரும்புவதற்குத் தனிக் கம்பி கிடையாது. காரின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. பாட்டரியின் ஒரு முனையை உடம்போடு பிணைத்திருப்பார்கள். விளக்கும் ஹாரனும் உடம்பில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே அவற்றுக்கு வழி உண்டு. அவை நன்றாக வேலை செய்தன.

ஆனால் செல்ஃப் மோட்டார் உடம்பில் இல்லை; இஞ்சினில் இருக்கிறது. இஞ்சினோ மவுண்டிங் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. எனவே இஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். அதுதான் எர்த் பட்டை. பட்டறையில் பழைய இஞ்சினை இறக்கியபோது அந்தப் பட்டையும் அதோடு ஒட்டிக்கொண்டு காயலான் கடைக்குப் போய்விட்டது. புதிதாக வந்த இஞ்சினில் பட்டை இல்லை. அதை யாரும் தேடவும் இல்லை.

டீசல் இஞ்சினைச் சுழற்றும்போது செல்ஃப் மோட்டார் இருநூறு, முந்நூறு ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு ஹெட்லைட் பல்பு இழுப்பது நான்கு ஆம்பியர் அளவுதான். அவ்வளவு பெரிய வெள்ளம் திரும்ப வழியில்லாமல் கிடைத்த சந்துகளிலெல்லாம் புகுந்தது. ஸ்பீடாமீட்டர் கேபிள், ஆக்ஸிலேட்டர் இணைப்பு, நிறுத்தும் கம்பி ஆகிய எல்லாம் இஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருந்தன அல்லவா? அந்த மெல்லிய கம்பிகள் வழியாகத்தான் மின்சாரம் திரும்பியது. கம்பி சூடேறியது. கை சுட்டது. போதிய மின்சாரம் கிடைக்காமல் மோட்டார் முனகியது. டைனமோவும் இஞ்சினில்தான் இருப்பதால் அது தரும் சார்ஜும் பாட்டரிக்குச் சரியாகச் சேரவில்லை. புதுப் பாட்டரி இரண்டு நாளில் சோர்ந்ததன் ரகசியம் இதுதான்!

இந்த நோயைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஒரு முள்ளைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை இஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. மீட்டர் இல்லையா? வெல்டிங் பட்டறைக்காரர் செய்தது போல் ஒரு தடித்த கேபிளைப் பிடித்துப் பாருங்கள். அதுவே போதும்.

உப்புக் காற்றின் வேலை

பட்டை போட்டால் மட்டும் போதாது. கடற்கரை ஊர்களில் இன்னொரு சத்துரு உண்டு. அதுதான் உப்புக் காற்று.

பெயிண்டின் மேல் போல்ட்டை முடுக்கினால் மின்சாரம் பாயாது. துருவின் மேல் முடுக்கினாலும் அப்படித்தான். பட்டை அமரும் இடத்தை இரும்பு பளபளக்கும் வரையில் சுரண்ட வேண்டும். பல் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். பிறகு மேலே வாஸலைனோ கிரீஸோ தடவ வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் செம்பில் பச்சை பூத்துவிடும். பார்வைக்குப் பட்டை இருக்கும், வேலை செய்யாது. நாகப்பட்டினம், காரைக்கால், ராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை இதைக் கழற்றிச் சுத்தம் செய்வது நலம்.

மற்ற உறுப்புகள்

ஒரு பட்டையை மறந்ததற்கே இந்தப் பாடு என்றால், மற்றவற்றை மறந்தால் என்ன ஆகும்? வரிசையாகச் சொல்கிறேன்.

ஃபேன் பெல்ட்: கிராங்கின் புல்லி, தண்ணீர் பம்பின் புல்லி, டைனமோவின் புல்லி ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். நீளமான இரும்பு ஸ்கேலை மூன்றின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோணலாக இருந்தால் பெல்ட்டின் ஓரம் பிய்ந்து ஒரு நாள் நடுவழியில் அறுந்துபோகும். பெல்ட் அறுந்தால் தண்ணீரும் சுற்றாது, சார்ஜும் ஏறாது. பெல்ட் புல்லியின் பக்கச் சுவர்களைத்தான் கவ்வ வேண்டும். அடியில் போய்த் தட்டக்கூடாது. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் தளர்ச்சி. போகாவிட்டால் பம்பின் பேரிங்குக்கு ஆபத்து.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்: பழைய வண்டிகளில் டைனமோ இருக்கும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் தராது. ஆல்டர்னேட்டர் தரும். இஞ்சினை மாற்றும்போதே ஆல்டர்னேட்டருக்கு மாறுவது புத்திசாலித்தனம். சென்னை பாடியில் 1961-ம் ஆண்டு தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையைப் போன்றவற்றின் தயாரிப்பால் இவை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும் பொருள்களாகிவிட்டன. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் பாஸிட்டிவ் முனைதான் எர்த். அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் உள்ளேயிருக்கும் டயோடுகள் நொடியில் கருகிவிடும். இரண்டாவது, உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள ஆல்டர்னேட்டருக்குப் பழைய கட்-அவுட் பெட்டி தேவையில்லை. அதை வழியிலிருந்து விலக்க வேண்டும். மூன்றாவது, அதிக ஆம்பியர் தருவதால் பாட்டரிக்குப் போகும் கம்பியைத் தடிமனாக மாற்ற வேண்டும். பழைய மெல்லிய கம்பியில் அதிக மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை சித்தப்பாவின் விரல் சொல்லும்!

பிராக்கெட்: டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்துச் சமாளிக்கக்கூடாது. டீசலின் அதிர்ச்சியில் அது விரிந்துவிடும். தடித்த பட்டையில் செய்து, குறுக்கே ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். இடைவெளியை நிரப்ப வாஷர்களை அடுக்குவது கூடாது. அளவெடுத்துக் கடைந்த ஒரே புஷ்ஷாகப் போட வேண்டும்.

ரேடியேட்டரும் ஃபேனும்: ஃபேன் இலைகளை முன்பின்னாக மாற்றி மாட்டிவிட்டால் காற்று இழுப்பது பாதியாகக் குறையும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் டீசல் இஞ்சின் ஆடுகிற ஆட்டம் அப்படி! 'சூடாகிறது' என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. அது நோய்க்கு மருந்தல்ல. இஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேய்ந்துபோகும். ரேடியேட்டர் மூடியும் சாதாரண மூடியல்ல. ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 111 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் போனால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

எண்ணெய்க் குழாய்கள்: பெட்ரோல் டாங்கியிலிருந்து ஒரு குழாய் வந்தால் போதும். டீசலில் நாஸிலிலிருந்து கசியும் மிச்ச எண்ணெய் டாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாய் வேண்டும். டாங்கியில் பழைய பெட்ரோல் சொட்டுக்கூட மிஞ்சக்கூடாது. எஃப்.ஐ. பம்புக்கு டீசலே மசகு. பெட்ரோல் கலந்தால் அந்த மசகு கெடும். டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கேயாவது காற்று புகுந்தாலும் வண்டி நிற்கும்.

மீட்டர்கள்: சூடு காட்டும் மீட்டரும், இஞ்சினில் திருகும் அதன் சென்டரும் ஜோடி. ஒன்று பழையது, மற்றொன்று வேறு வண்டியுடையது என்றால் மீட்டர் பொய் சொல்லும். இஞ்சின் கொதிக்கும்போது 'குளிர்ச்சி' என்று காட்டும் மீட்டரைவிட மீட்டர் இல்லாமலிருப்பதே மேல்!

பிரேக்கும் வாக்குவமும்: இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆரம்ப கால அம்பாசிடர்களில் காலின் பலமே பிரேக்கின் பலம். பிற்காலத்துக் கார்களில் காலுக்குத் துணையாக பூஸ்டர் இருக்கிறது. அது வேலை செய்ய வாக்குவம் வேண்டும். பெட்ரோல் இஞ்சினில் அது தானாகக் கிடைக்கும். காற்று போகும் வழியைத் திராட்டில் அடைப்பதால் உண்டாகும் உறிஞ்சல் அது. டீசலில் அப்படிப்பட்ட அடைப்பு இல்லை. ஆகவே தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும். பல ஜப்பானிய டீசல் இஞ்சின்களில் அந்த பம்ப் ஆல்டர்னேட்டரின் வாலிலேயே இருக்கும். விலை மலிவு என்று வால் இல்லாத ஆல்டர்னேட்டரை வாங்கி மாட்டினால் சார்ஜ் நன்றாக ஏறும். பிரேக் மட்டும் கல்லாகிவிடும்! இதை ரோட்டில் போய்த் தெரிந்துகொள்ளக்கூடாது. பட்டறையிலேயே பார்க்க வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பிடித்துக்கொண்டு இஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சித்தப்பா மாற்றிய காலம் வேறு. இன்றைய நிலை வேறு. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 52-வது பிரிவு, வண்டியைத் தயாரித்த கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து தீர்ப்பளித்தது. எரிவாயு, பாட்டரி போன்றவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற சாதனங்களைப் பொருத்தி மாற்றுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. இஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் குறித்து வாங்க வேண்டும்.

ஆகவே, இஞ்சினை விலை பேசுவதற்கு முன்னாலேயே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பர், இஞ்சினில் இன்னொரு நம்பர் என்றிருந்தால் விபத்து நேர்ந்தபோது இன்ஷூரன்ஸ் பணம் வருவதில் சிக்கல். சவாரி ஏற்றுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஒரு யோசனை

பழைய இஞ்சினை இறக்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சினிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் ஒவ்வொரு கம்பி, குழாய், பட்டை, கேபிள் எல்லாவற்றையும் எண்ணி எழுதுங்கள். இப்போது கையிலேயே கேமரா இருக்கிறது. படமும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். புது இஞ்சின் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் "மாட்டியாயிற்று" அல்லது "இதற்கு இனி வேலை இல்லை" என்ற இரண்டில் ஒரு பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் சாவியைத் தொடாதீர்கள். பழைய இஞ்சினையும் உடனே காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாதம் மூலையில் கிடக்கட்டும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றைத் தேடி நீங்கள் நிச்சயம் போவீர்கள்!

சித்தப்பாவின் கார் அதற்குப் பிறகு பல வருஷங்கள் அந்த டீசல் இஞ்சினோடு ஓடியது. சித்தியின் சங்கிலியும் ஒரு நாள் அடகிலிருந்து மீண்டது. வெல்டிங் பட்டறைக்காரர் அன்று அந்தப் பட்டைக்குக் காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "படகுக்காரன் பொண்டாட்டியை ஏத்திக்கிட்டுப் போனீங்கள்ல, அது போதும் அண்ணே" என்றாராம்.

பாட்டரிக்கும் செல்ஃப் மோட்டார் ரிப்பேருக்கும் செலவான பணத்தில் அப்படிப்பட்ட பட்டைகள் நூறு வாங்கியிருக்கலாம். அந்த இரவில் மணலில் காரைத் தள்ளிய எட்டுப் பேரின் வியர்வைக்கு மட்டும் விலை போட முடியாது.

சித்தப்பா கடைசி வரையில் ஒரு பழக்கத்தை விடவில்லை. காலையில் முதல் முறை செல்ஃப் அடித்தவுடன் அந்த நிறுத்தும் கம்பியின் குமிழை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். பிறகுதான் கியரைப் போடுவார்.